22 நனோமீற்றர் சரக்கு: ஹைதராபாத்தில் விலை உடைந்த கதை

"நனோ" என்ற சொல் நமது கடைத்தெருவுக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. பெயின்ட் வாளியில் நனோ, முகத்துக்குப் பூசும் கிறீமில் நனோ, தண்ணீர் வடிகட்டியில் நனோ. வாங்குபவருக்கு அது என்னவென்று தெரியாது. விற்பவருக்கும் பல வேளைகளில் தெரியாது. பெட்டியில் அச்சடித்திருக்கிறது, அதனால் விலை கொஞ்சம் கூட.

ஆனால், பெட்டியில் அப்படி ஒரு சொல் இல்லாமலேயே, உண்மையான நனோச் சரக்கு ஒன்று நம்மில் பலருடைய குடும்பத்துக்குள் வந்து போயிருக்கிறது. கைக்குழந்தைக்கு 2ஆம், 4ஆம், 6ஆம் மாதங்களில் கிளினிக்கில் போடுகிறார்களே, ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி, அதற்குள்தான் அது இருக்கிறது. அந்த ஐந்தில் ஒன்று ஹெப்படைற்றிஸ் பி என்ற ஈரல் நோய்க்கான மருந்து. அந்த மருந்து புரதத்தால் ஆன ஒரு நுண்ணிய உருண்டை. அதன் குறுக்களவு 22 நனோமீற்றர்.

இந்த உருண்டைக்கு ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. ஒரு டோஸ் ஏறத்தாழ 23 டொலருக்கு விற்ற சரக்கை 1 டொலர் அளவுக்கு இறக்கிய கதை. இறக்கியவர் வைத்தியரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. பற்றரிக் கம்பனி நடத்திய ஒருவர். அவருக்குக் கை கொடுத்தது ஓமான் நாட்டுப் பணம். வியாபாரிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய கதை என்பதால் இந்த வாரம் அதை எடுத்துக்கொண்டேன். நான் சாதாரண தரம் வரைதான் படித்தவன். ஆகவே விஞ்ஞானத்தை நமக்கு விளங்கும் அளவிலேயே சொல்கிறேன்.

சரக்கு என்ன?

அடிமட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியைப் பாருங்கள். அதைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். 22 நனோமீற்றர் உருண்டைகளை வரிசையாக அடுக்கினால், அந்த ஒரு மில்லிமீற்றருக்குள் சுமார் 45,000 உருண்டைகள் நிற்கும்.

இது செய்யப்பட்டிருக்கும் பொருள் புரதம். முட்டை வெள்ளைக்கரு, இறைச்சி, பருப்பு ஆகியவற்றில் இருக்கும் அதே இனம். புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. அது தனக்கென்று உள்ள ஒரு வடிவத்தில் மடிந்துகொள்ளும். சில புரதங்கள் அதற்கும் ஒரு படி மேலே போகும். மடிந்த துண்டுகள் ஒன்றோடொன்று தாமாகவே சேர்ந்து உருண்டையாகவோ, கூடாகவோ, நாராகவோ நிற்கும். அச்சு வேண்டாம், பொருத்துவதற்கு ஆள் வேண்டாம். இப்படி நிற்பவற்றைத்தான் புரத நனோக் கட்டமைப்புகள் என்கிறார்கள்.

ஹெப்படைற்றிஸ் பி வைரசின் மேலுறை இப்படிப்பட்ட புரதம். நோய் உள்ளவரின் இரத்தத்தில் முழு வைரசைவிட வெறும் மேலுறை உருண்டைகளே மிக அதிகமாக மிதக்கும். அவற்றுக்குள் சரக்கு ஒன்றும் கிடையாது, ஆகவே நோயைத் தராது. ஆனால் உடம்பின் காவல் படை அந்த உறையைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும். பிறகு உண்மையான வைரஸ் வந்தால் வாசலிலேயே பிடித்துவிடும்.

அமெரிக்க ஆய்வாளர் பரூக் பிளம்பர்க் 1965இல் இந்த உறைப் புரதத்தைக் கண்டுபிடித்தார். அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடைய இரத்தத்தில் முதலில் தென்பட்டதால் அதற்கு "அவுஸ்திரேலியா அன்டிஜன்" என்று பெயர் வந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1981இல் முதல் தடுப்பூசி வந்தது. நோய் உள்ளவர்களின் இரத்தத்திலிருந்து உருண்டைகளை வடித்தெடுத்துச் செய்தது அது. மனித இரத்தம் என்பதால் சரக்கும் குறைவு, விலையும் கூட. எயிட்ஸ் பயம் பரவிய காலம் என்பதால் பலர் ஊசி போடத் தயங்கினார்கள்.

1986இல் வழி மாறியது. பாண் செய்யப் பேக்கரியில் போடும் ஈஸ்ட் இருக்கிறதே, அதற்குள் இந்தப் புரதத்துக்கான மரபணுவை வைத்தார்கள். ஈஸ்ட் பெருகப் பெருகப் புரதமும் பெருகியது. புரதம் சேர்ந்து அதே 22 நனோமீற்றர் உருண்டையாக நின்றது. இரத்தம் தேவைப்படவில்லை. மருந்து எதிலிருந்து எடுத்தது என்று கேட்டு வாங்கும் நம்மவர்களுக்கு இது முக்கியமான மாற்றம்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதே புரதத்தை உதிரித் துண்டாகக் கொடுத்தால் உடம்பு அவ்வளவாக மதிக்காது. உருண்டையாக நின்றால்தான் மதிக்கும். அதாவது பெறுமதி வடிவத்தில் இருக்கிறது. ஈஸ்ட்டும் அதற்குப் போடும் தீனியும் மலிவு. உருண்டை கெடாமல் பிரித்தெடுப்பதும், கழுவிச் சுத்தம் செய்வதும், ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதிப்பதும்தான் செலவு. அந்தக் கைப்பக்குவம் உலகில் ஓரிரு கம்பனிகளிடம் மட்டும் இருந்த காலத்தில், அவர்கள் சொன்னதுதான் விலை.

யாருக்கு நட்டம்?

இந்த நோய் வளர்ந்த ஒருவருக்கு வந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் உடம்பை விட்டுப் போய்விடும். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் நிற்கும். முப்பது நாற்பது வயதில், குடும்பத்தைத் தாங்கும் பருவத்தில், ஈரல் சுருக்கமாகவோ ஈரல் புற்றுநோயாகவோ வெளியே வரும். 2022ஆம் ஆண்டில் உலகில் 25 கோடி 40 இலட்சம் பேர் இந்தத் தொற்றோடு வாழ்ந்தார்கள் என்றும், அந்த ஒரு வருடத்தில் 11 இலட்சம் பேர் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

ஆகவே தடுப்பூசி போட வேண்டிய வயது கைக்குழந்தை வயது. ஒரு பிள்ளைக்கு மூன்று டோஸ். டோஸ் ஒன்றுக்கு 23 டொலர் என்றால் 69 டொலர். 1990களில் நமது பகுதி நாடுகளில் எத்தனை தகப்பன்மாரால் அதைக் கொடுக்க முடிந்திருக்கும்? எந்த அரசாங்கத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கியிருக்க முடியும்? மருந்து இருந்தது. வாங்குவதற்கு ஆள் இல்லை.

பற்றரிக்காரர் வந்தார்

கே.ஐ. வரபிரசாத் ரெட்டி ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்துக்காரர். இலத்திரனியல் பொறியியல் படித்தவர். அரச பாதுகாப்பு ஆய்வுகூடத்தில் வேலை செய்து, பிறகு ஹைதராபாத்தில் பற்றரிக் கம்பனி ஒன்றில் பங்காளியாக இருந்து, அதிலிருந்தும் வெளியே வந்தவர். 1992இல் ஜெனீவாவில் தடுப்பூசிகள் பற்றிய ஒரு மாநாட்டுக்குப் போனபோதுதான் ஹெப்படைற்றிஸ் பி பற்றி முதலில் கேள்விப்பட்டார். தொழில்நுட்பத்தை விலைக்குத் தாருங்கள் என்று மேல்நாட்டுக் கம்பனி ஒன்றிடம் கேட்டார். உங்களால் இதை விளங்கிக்கொள்ளவும் முடியாது, வாங்கவும் முடியாது என்ற தோரணையில் பதில் வந்தது என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

1993இல் தன் தாயாரின் பெயரால் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற கம்பனியைத் தொடங்கினார். சொந்தமாக ஆய்வுகூடம் கிடையாது. முதலில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தார். பிறகு ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தில் வேலை நடந்தது. இரண்டும் அரசாங்கத்தின் இடங்கள். விஞ்ஞானிகளைக் கூலிக்கு வைத்தார், கருவிகளை நிறுவனத்திடம் பகிர்ந்துகொண்டார். கட்டடத்தில் காசைப் போட்டு முடக்காமல் கைப்பக்குவத்தில் போட்டார்.

காசுதான் பெரிய தடை. வங்கிகளுக்குப் போனார். காணியை ஈடு வைத்தால் கடன் தருவதற்கு வங்கிக்குத் தெரியும். இன்னும் பிறக்காத ஒரு மருந்தை நம்பிக் கடன் தருவதற்குத் தெரியாது. வட்டி மாதா மாதம் போக வேண்டும், மருந்தோ நான்கு வருடத்துக்குப் பிறகுதான் வரும். வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை. இப்படிப்பட்ட முயற்சிக்குக் கடன் என்ற சட்டை பொருந்தாது.

அந்த நேரத்தில் முன்வந்தவர் ஓமான் நாட்டின் யூசுப் பின் அலவி. நீண்ட காலம் அந்நாட்டின் வெளிவிவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் கொடுத்தது கடன் அல்ல. கம்பனியில் பாதிப் பங்கை எடுத்துக்கொண்டு முதலைப் போட்டார். இலாபம் வந்தால் இருவருக்கும், நட்டம் வந்தாலும் இருவருக்கும். நமது முன்னோர் கப்பல் வியாபாரத்தில் கண்ட கூட்டு முதல் முறைதான் இது. கப்பல் போய்த் திரும்பும்வரை யாரும் வட்டி கேட்பதில்லை. அதே முறை 20ஆம் நூற்றாண்டின் கடைசியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு புரத உருண்டைக்கு முதலாக வந்து நின்றது.

1997 ஓகஸ்டில் "ஷான்வெக்-பி" சந்தைக்கு வந்தது. மரபணுத் தொழில்நுட்பத்தால் இந்தியா தானே செய்த முதல் மருந்து அது. ஏறத்தாழ 1 டொலர் விலைக்குக் கொடுத்தார்கள். இறக்குமதிச் சரக்கின் விலையும் இறங்கத் தொடங்கியது. பின்னாலேயே போட்டியும் வந்தது. நம் தமிழ்நாட்டுத் திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணா எல்லா, 1996இல் ஹைதராபாத்தில் தொடங்கிய பாரத் பயோடெக் கம்பனியும் அதே தடுப்பூசியைச் செய்தது. விலை இன்னும் இறங்கியது. 2002இல் ஷான்வெக்-பி உலக சுகாதார நிறுவனத்தின் முன் தகுதியைப் பெற்றது. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மொத்தமாக வாங்குவதற்கு அந்தத் தகுதிதான் வாசல்.

இலங்கையில் ஹெப்படைற்றிஸ் பி தடுப்பூசி 2003 முதல் அரசாங்கத்தின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. 2008இல் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி வந்தது. உலகச் சந்தையில் விலை உடையாமல் இருந்திருந்தால், நம்மைப் போன்ற நாடுகளில் இது இத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்காது.

உயர்ந்ததும் சறுக்கியதும்

2006இல் பிரான்சின் மெரியூ குழுமம் சாந்தாவின் 60 சதவீதப் பங்கை வாங்கியது. 2009இல் சனோபி கம்பனி அதைக் கையேற்றபோது சாந்தாவுக்குப் போட்ட மதிப்பு 55 கோடி யூரோ. வங்கி கைவிரித்த முயற்சிக்குப் பதினாறு வருடம் கழித்துக் கிடைத்த விலை அது.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் வியாபாரி மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கம்பனியின் ஐங்கூட்டு ஊசி "ஷான்5". 2010 முதல் 2012 வரை வழங்குவதற்கு ஐ.நா. அமைப்புகளிடமிருந்து 34 கோடி டொலர் பெறுமதியான ஓடர் கிடைத்திருந்தது. 2010இல் சில குப்பிகளின் உட்புறத்தில் வெள்ளை வண்டல் ஒட்டியிருப்பது தெரிய வந்தது. உலக சுகாதார நிறுவனம் முன் தகுதியை நீக்கியது. ஓடர் போயிற்று. திரும்பவும் தகுதி கிடைத்தது 2014இல்தான். சேலையில் ஒரு நூல் போனால் தள்ளுபடியில் விற்கலாம். புரத மருந்தில் தள்ளுபடிச் சாமான் என்று ஒன்று கிடையாது. ஒன்றில் சரி, இல்லாவிட்டால் குப்பை.

உலகம் இப்போது எங்கே போகிறது?

இதே துறை பல கிளைகளாக விரிந்துவிட்டது. பக்லிடக்செல் என்ற புற்றுநோய் மருந்து தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுத்தது. நமது இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் என்ற புரதத்தில் அந்த மருந்தைச் சேர்த்து, சுமார் 130 நனோமீற்றர் துகளாக்கினார்கள். எண்ணெய் தேவைப்படவில்லை. 2005இல் அமெரிக்கா அனுமதித்தது. "அப்ரக்சேன்" என்பது அதன் பெயர். அதைச் செய்த கம்பனியை 2010இல் செல்ஜீன் என்ற இன்னொரு கம்பனி சுமார் 290 கோடி டொலருக்கு வாங்கியது. மருந்து பழையது. அதைத் தூக்கிப் போகும் வண்டிதான் புதியது. விலை வண்டிக்கு.

கொவிட் காலத்தில் இன்னொரு படி. இயற்கையில் இல்லாத ஒரு புரத உருண்டையைக் கணினியில் வரைந்து, அதன் மேல் வைரசின் துண்டுகளைப் பதித்த ஒரு தடுப்பூசிக்குத் தென்கொரியா 2022இல் அனுமதி கொடுத்தது. வடிவத்தைத் தேடிப் பிடித்த காலம் போய், வடிவத்தை வரைந்து செய்யும் காலம் வந்துவிட்டது.

களனிக் கரையில் நாம்

நமது நாட்டிலும் அரசாங்கமும் தனியாரும் கூட்டுச் சேர்ந்து 2008இல் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தைத் தொடங்கினார்கள். பிரெண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ், லோட்ஸ்டார், எம்.ஏ.எஸ். ஆகிய ஐந்து கம்பனிகள் பங்கு போட்டன. முதல் ஆய்வுகூடம் களனி கங்கையோரப் பியகமையில் இருந்தது, பிறகு ஹோமாகமைக்குப் போனது. அங்கே பேர் வாங்கிய வேலை உரம், கனிமம் சார்ந்தது. புரத மருந்து பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது.

அப்படியானால் நமக்கு இதில் என்ன இடம்? ஆய்வுகூடம் போட எல்லாராலும் முடியாது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து பிள்ளையின் தொடை வரைக்கும் உள்ள பாதை நம்மைப் போன்றவர்களுடையது. ஏற்றி இறக்குபவர், களஞ்சியம் வைத்திருப்பவர், குளிர்ப்பெட்டி விற்பவர், ஜெனரேட்டர் பழுது பார்ப்பவர், பாமசி நடத்துபவர் எல்லோரும் இந்தப் பாதையில் நிற்கிறார்கள்.

நம் பேலியகொடை மீன் சந்தைக்குப் போனால், ஐஸ் எவ்வளவு கூடப் போட்டாலும் மீனுக்கு நல்லது என்பார்கள். இந்தத் தடுப்பூசிக்கு அந்தக் கணக்குச் சரிவராது. அதை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரைதான் வைக்க வேண்டும். உறைந்தால் அதிலுள்ள அலுமினிய உப்பு கட்டிப்பட்டு மருந்தின் வலு போய்விடும். பிறகு உருக்கினாலும் திரும்பாது. சுகாதார ஊழியர்கள் குப்பியைக் குலுக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். உறைந்து உருகியதில் வண்டல் சீக்கிரம் அடியில் படியும். இன்சுலினும் உறையக் கூடாத புரதம்தான். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பாமசி வைத்திருப்பவர்கள், பிரிட்ஜின் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் இன்சுலினை வைக்க வேண்டாம் என்று வேலைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, காலையும் மாலையும் கொப்பியில் குறித்து வையுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அடுத்தது கடுதாசி. 2023இல் நம் வைத்தியசாலைகளுக்கு வந்த மனித இம்யூனோகுளோபுலின் என்ற புரத மருந்தைப் பற்றிப் பெரிய பிரச்சினை எழுந்தது. போலி ஆவணங்களைக் காட்டித் தரமற்ற மருந்தைக் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதுசெய்யப்பட்டார். கண்ணுக்குத் தெரியாத சரக்கில் வாங்குபவருக்கு இருக்கும் ஒரே பிடி கடுதாசிதான். அந்தக் கடுதாசி பொய்யானால் நோயாளிக்கு ஒன்றுமே மிஞ்சாது.

ஆகவே "நனோ" என்றோ "பயோ" என்றோ ஒரு சாமான் உங்கள் கடைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, இது எதிலிருந்து செய்தது? ஈஸ்டா, மாட்டிலிருந்தா, பன்றியிலிருந்தா, மனித இரத்தமா? இரண்டாவது, எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும், வழியில் அப்படி வைத்ததற்கு என்ன பதிவு? மூன்றாவது, 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா? மூன்றுக்கும் நேரான பதில் தராதவரிடம், எத்தனை சதவீதக் கழிவு தந்தாலும், வாங்க வேண்டாம்.

கையில் கொஞ்சம் முதல் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது காசு பெரும்பாலும் காணியிலும் கடை அறையிலும் போய் உட்காருகிறது. களனிப் பல்கலைக்கழகம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராகமையில் அதன் மருத்துவ பீடம் இருக்கிறது. அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகளில் ஒருவரிடம் நல்ல யோசனை இருக்கலாம். அவரிடம் ஈடு வைக்கக் காணி இருக்காது, வங்கி திருப்பி அனுப்பும். நாலைந்து வியாபாரிகள் சேர்ந்து, தாங்கக்கூடிய ஒரு தொகையைப் பங்காகப் போட்டால் அவருக்கு அது போதுமானதாக இருக்கலாம். கணக்கை எழுத்தில் வையுங்கள். நட்டம் வந்தால் அவரை வீதியில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாந்தா மருந்து சந்தைக்கு வர நான்கு வருடம் பிடித்தது, ஆகவே அடுத்த நோன்புப் பெருநாளைக்கு இலாபம் வரும் என்று கணக்குப் போடக் கூடாது.

ஜெனீவாவில் உங்களால் முடியாது என்ற பேச்சைக் கேட்டு வரபிரசாத் ரெட்டி வீட்டுக்குத் திரும்பிப் பழையபடி பற்றரி விற்றிருக்கலாம். யூசுப் பின் அலவியும் அந்தப் பணத்துக்கு ஏதாவது ஒரு கட்டடத்தை வாங்கியிருக்கலாம். யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஊசி மட்டும் பிந்தியிருக்கும்.